காசிமேட்டு டாட்ஜுக்கு எத்தனை வோல்ட்?

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாசமும் வேலை எல்லாம் கரையில்தான். பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். எங்கள் கடை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. லாரி எலக்ட்ரிக்கல் வேலை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. தடைக்காலத்தில் மட்டும் படகுக்காரர்களும் வந்து போவார்கள்.

அப்படித்தான் அந்த அண்ணன் வந்தார். “தம்பி, எங்க அப்பா காலத்து மிலிட்டரி வண்டி ஒண்ணு நம்ம யார்டுல நிக்குது. முன்னாடி விஞ்சு இருக்கு. இன்ஜின் ஓடினா ஃபைபர் போட்டையெல்லாம் இழுத்து மேல போட்டுடலாம். செல்ஃப் மட்டும் எடுக்க மாட்டேங்குது.”

செல்ஃப் என்றால் இன்ஜினை முதலில் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார். போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் ஒரு டாட்ஜ் முக்கால் டன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஓட்டிய வண்டி. முன் பம்பரில் விஞ்சு இருந்ததால் அது டபிள்யூ.சி. 52 வகை என்று தெரிந்தது. விஞ்சு இல்லாமல் வந்தது 51. ஸ்டியரிங் இடது பக்கம். பானெட்டைத் தூக்கினால் 230 கன அங்குல, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பர்மா போர்முனைக்காக இந்தியாவில் இறக்கிய வண்டிகளில் நிறைய, போர் முடிந்ததும் இங்கேயே டிஸ்போசலில் விற்கப்பட்டன. அண்ணனின் தாத்தா கைக்கு இது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆனால் அவருடைய அப்பா இந்த விஞ்சால் கட்டுமரக் காலத்திலிருந்து படகு இழுத்ததை அந்தத் தெருவே சொல்கிறது. விஞ்சு இன்ஜினிலிருந்து ஓடுவது. இன்ஜின் எடுக்காவிட்டால் விஞ்சும் இல்லை.

வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். நாலு பேருக்கும் ஒரு பதில் இருந்தது.

“மிலிட்டரி வண்டி பா, 24 வோல்ட்தான். ரெண்டு பேட்டரி போட்டு அடி, எடுத்துக்கும்” என்றார் ஒரு டிரைவர். இன்னொருவர் ஹெட்லைட்டைக் கழற்றி பல்பைக் காட்டி, “12 வோல்ட்டுன்னு போட்டிருக்கு பாரு” என்றார். பேட்டரி வைக்கிற இடத்திலும் செத்துப்போன 12 வோல்ட் லாரி பேட்டரி ஒன்று உட்கார்ந்திருந்தது. போன வருஷம் வந்த மெக்கானிக் ஒருவர் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரியலில் போட்டு மிதித்தாராம். ஒரே ஒரு சத்தம், அப்புறம் புகை, அதோடு நின்றுவிட்டதாம்.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “எத்தனை வோல்ட்டுன்னு சொல்லு, நான் பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன்.”

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குக் கை அரித்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு வயசு 74. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். “பல்பு பல்போட வோல்ட்டைத்தான் சொல்லும். செல்ஃபோட வோல்ட்டை செல்ஃபுகிட்டதான் கேக்கணும். கழட்டி எடுத்துட்டு வா” என்றார்.

இதில் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் விளக்குகிறேன். போர்க்காலத்து டாட்ஜ், வில்லிஸ் ஜீப், ஜி.எம்.சி. லாரி எல்லாமே பெரும்பாலும் 6 வோல்ட். அன்றைக்கு அமெரிக்கக் கார்களும் 6 வோல்ட்தான், அதே வழக்கத்தில் இதுவும் வந்தது. டாட்ஜிலேயே வயர்லெஸ் பொருத்தின சில வண்டிகள் மட்டும் 12 வோல்ட்டில் வந்தன. போர் முடிந்த பிறகு வந்த அமெரிக்க மிலிட்டரி வண்டிகள், 1950-இல் வந்த எம். 38 ஜீப், அதற்கு அடுத்து வந்த எம். 37 டாட்ஜ், இவையெல்லாம் 24 வோல்ட். எம். 37 பார்ப்பதற்கு இந்த வண்டிக்குத் தம்பி மாதிரியே இருக்கும். ஆக 6, 12, 24 என்று மூன்றுக்குமே நியாயம் உண்டு. அதற்கு மேல் எண்பது வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பேர் எதை எதை மாற்றியிருப்பார்கள்! புத்தகத்தில் 6 என்று போட்டிருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் இன்று தொங்குவது எந்த வண்டியின் மோட்டார் என்று புத்தகம் சொல்லாது.

முதலில் கழற்றாமல் பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்தேன். டைனமோ பழைய அம்பாசடருடையது, 12 வோல்ட். பிராக்கெட்டை வெல்டிங் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இக்னீஷன் காயிலும் 12 வோல்ட், அதுவும் பின்னால் வந்தது. பல்புகள் சொல்லவே வேண்டாம். பேட்டரி தட்டில் மட்டும் ஒரு சாட்சி கிடைத்தது. இப்போதிருக்கும் பேட்டரியின் அடித்தடத்துக்குக் கீழே, துருவில், அதைவிடச் சின்னதாக இன்னொரு பேட்டரியின் தடம் இருந்தது. மூன்று செல், அதாவது 6 வோல்ட் பேட்டரியா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றிப் பார்த்தோம். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த வோல்ட்டும் அதைச் சுற்றாது, மோட்டார்தான் கருகும். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹேண்டிலைப் பிடித்தேன். முதலில் கல் மாதிரி இருந்தது. அப்புறம் முனகிக்கொண்டே நகர்ந்தது. மூன்றாவது சுற்றில் பிளக் ஓட்டையிலிருந்து காற்று “புஸ், புஸ்” என்று வரிசையாக வந்தது. அண்ணன் சின்னப் பையன் மாதிரி குனிந்து அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மோட்டார் கடைக்கு வந்தது. நல்ல கனம். இந்த வகையில் மின்சாரத்தால் பல்சக்கரத்தைத் தள்ளுகிற சோலினாய்டு கிடையாது. தரையில் இருக்கிற பெடலைக் காலால் மிதித்தால் நெம்புகோல் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி இன்ஜினின் ரிங் கியரில் கோர்க்கும், கடைசி மிதியில் மோட்டார் மேலேயே இருக்கிற சுவிட்ச் சேரும். உடம்பில் தகடு இருந்தது. பச்சை, சாம்பல், மறுபடி பச்சை என்று மூன்று பெயிண்ட் அதன் மேல். சுரண்டினால் எழுத்தும் போய்விடும் என்று தின்னரில் துணியை நனைத்து ஒரு மணி நேரம் ஒத்தி ஒத்தி எடுத்தேன். ‘ஆட்டோ-லைட்’ என்ற பெயர் வந்தது. வோல்ட் எழுதியிருக்க வேண்டிய மூலையில் உப்பு அரித்துக் குழி விழுந்திருந்தது. கம்பெனி பெயர் டாட்ஜுக்குப் பொருத்தம்தான். ஆனால் அதே கம்பெனி 12 வோல்ட்டிலும் செய்திருக்கிறது.

சரி, பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பின் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரை உருவினேன். உடனே அந்த மெக்கானிக் போட்ட 24 வோல்ட்டின் கதை தெரிந்தது. உடம்பின் உள்சுவரில், ஆர்மேச்சர் முனையில் செம்புப் பட்டைகளாக இருக்கும் கம்யூட்டேட்டருக்கு நேராக, சுற்றிலும் ஒரே கோட்டில் சின்னச் சின்ன ஈயப் பொட்டுகள். கடுகைத் தாளித்தபோது சுவரில் தெறித்த மாதிரி. கம்யூட்டேட்டர் பட்டைகளில் ஆர்மேச்சர் கம்பியைப் பற்ற வைத்திருக்கும் ஈயம் (சோல்டர்) 190 டிகிரிக்கு உள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். தாங்காத கரண்ட் ஏறி, ஈயம் இளகி, மோட்டார் சுற்றின வேகத்தில் வெளியே வீசப்பட்டிருக்கிறது. அப்பாவிடம் கொடுத்தேன். விரல் நுனியால் பட்டை பட்டையாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். “இதோ இது ஆடுது. அடுத்ததும் ஆடுது. வைண்டிங் கருகலடா, ஈயம்தான் விட்டிருக்கு. பொழைச்சிடும்.”

அப்புறம் ஃபீல்டு காயில், அதாவது உடம்போடு அசையாமல் இருக்கிற சுருள். நாலு காயிலும் கம்பியால் சுற்றியதில்லை, தட்டையான செம்புப் பட்டை. சுண்டு விரல் நகத்தின் அகலத்துக்கு இருந்தது, ஒரு காயிலுக்குச் சுற்றும் மிகக் குறைவு. கடையில் பழுதுக்கு வந்திருந்த இன்னொரு செல்ஃபை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது 12 வோல்ட், உடம்பளவு கிட்டத்தட்ட இதேதான். அதில் பட்டை மெல்லிசு, சுற்று அதிகம். பரணில் கிடந்த ஒரு 24 வோல்ட் லேலண்டு ஃபீல்டு காயிலையும் எடுத்து வைத்தோம். அதில் சுற்று இன்னும் நெருக்கம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது பார்வைக்கே பாதி பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் பார்வை போதாது, அளந்தால்தான் எனக்குத் திருப்தி. இங்கேதான் நிறைய பேர் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து முனையைத் தொட்டுவிட்டு, “ஷார்ட் காட்டுது, காயில் போச்சு” என்று சொல்லிவிடுவார்கள். செல்ஃப் மோட்டார் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். சாதாரண மீட்டரின் வயரே அதைவிட அதிகம் காட்டும். அதனால் வேறு வழியில் அளக்க வேண்டும். ஒரு 12 வோல்ட் பேட்டரி, பேரலலில் இரண்டு 60 வாட் ஹெட்லைட் பல்பு, அவற்றோடு சீரியலில் இந்த ஃபீல்டு காயில். பல்பு இரண்டும் சேர்ந்து கரண்டை 10 ஆம்பியருக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளாம்ப் மீட்டரில் அந்தப் பத்தைப் பார்த்துவிட்டு, காயிலின் இரண்டு முனைக்கும் நடுவில் மில்லிவோல்ட்டை அளந்தேன். 19 வந்தது. பக்கத்திலிருந்த 12 வோல்ட் மோட்டாரின் காயிலில் அதே 10 ஆம்பியருக்கு 71.

ஏன் இந்தக் கிட்டத்தட்ட நாலு மடங்கு? ஒரே வேலையைச் செய்ய 6 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். அதனால் பட்டை இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும், சுற்று பாதியாக இருக்கும். பாதி நீளம், இரட்டைத் தடிமன் என்றால் ரெசிஸ்டன்ஸ் நாலில் ஒரு பங்கு ஆகிவிடும். 24 வோல்ட்டுக்குப் போனால் இதிலிருந்து பதினாறு மடங்கு. உடம்பளவு வேறாக இருந்தால் கணக்கு துல்லியமாக வராது, காயில்களை சீரியலாகக் கட்டியிருக்கிறார்களா, இரண்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்றுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிசு, அதில் ஏமாற வாய்ப்பு குறைவு.

பதில் 6 என்று வந்துவிட்டது. இன்னும் ஒரு சோதனை பாக்கி. அதற்கு முன் ஆர்மேச்சரைச் சரி செய்ய வேண்டும்.

அந்த வேலையை அப்பா செய்தார். எலக்ட்ரிக் சோல்டரிங் அயர்ன் இதற்குச் சூடு போதாது. பட்டை எல்லாச் சூட்டையும் குடித்துவிடும். அப்பாவிடம் ஒரு செம்புக் கட்டை இருக்கிறது, கால் கிலோ இருக்கும், மரப்பிடி போட்டது. அதை ஸ்டவ்வில் காய்ச்சி, நான் பட்டையைக் காட்ட, அவர் வைத்தார். கண்ணால் பார்த்து வைக்கவில்லை. ஈயம் ஓடும்போது வருகிற சின்னச் சத்தத்தைக் கேட்டுக் கையை எடுத்தார். முழு வட்டமும் முடிய மதியம் ஆகிவிட்டது. அப்புறம் வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் கம்யூட்டேட்டரை மெலிசாக ஒரு கட் எடுத்து, பட்டைகளுக்கு நடுவிலிருக்கும் மைக்காவை ஆக்ஸா பிளேடால் கொஞ்சம் கீழே இறக்கினேன். டெஸ்ட் லாம்பில் கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் பார்த்தேன், எரியவில்லை. நல்லது. கார்பன் பிரஷ் புதுசு, புஷ் புதுசு. கார்பனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 6 வோல்ட் மோட்டாருக்குச் செம்பு கலந்த, சிவப்பாகத் தெரிகிற பிரஷ்தான் போட வேண்டும். கறுப்பு கார்பனைத் தேய்த்து அளவாக்கிப் போட்டால் அந்த இடத்திலேயே வோல்ட் தொலைந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. பெரிய 6 வோல்ட் பேட்டரி இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்பா காலத்தில் கவலையே இல்லை. அன்றைய 12 வோல்ட் பேட்டரியில் செல்லுக்குச் செல் இணைக்கிற ஈயப் பட்டை மேலேயே தெரியும். மூன்றாவது செல்லில் கிளிப்பைப் போட்டால் 6 வோல்ட் கிடைத்துவிடும். இப்போது எல்லாம் மூடிக்குள். நாங்கள் கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற வகை 6 வோல்ட் பேட்டரி ஒன்றை ஏற்பாடு செய்தோம். முழு சார்ஜில் 6.3 வோல்ட். இழுவைக்குச் செய்த பேட்டரிதான், ஆனாலும் சில விநாடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும்.

மோட்டாரை வைஸில் இறுக்கிக் கட்டினேன். இது சீரிஸ் மோட்டார். பாரம் இல்லாமல் ஓட விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆர்மேச்சர் கம்பியே பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால் மூன்று நாலு விநாடிதான். அதோடு, மோட்டார் துள்ளும். மடியில் வைத்துக்கொண்டும் காலால் மிதித்துக்கொண்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கை மோதிரம், வாட்ச், எல்லாம் கழற்றிவிடுங்கள். 6 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் போகும், மோதிரம் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

எப்போதும் குறைந்த வோல்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 12 வோல்ட் மோட்டாருக்கு 6 கொடுத்தால் சோம்பலாகச் சுற்றும், ஒன்றும் கெடாது. 6 வோல்ட் மோட்டாருக்கு 24 கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஈயப் பொட்டுகளைப் பார்த்தோம்.

கிளிப்பை வைத்தேன். மோட்டார் தயங்கவே இல்லை. “ஊ...” என்று ஒரே சீராக ஏறியது. கிளாம்ப் மீட்டரில் 70 ஆம்பியர், பேட்டரி முனையில் 6.1. அப்பா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “போதும், எடு. இது 6” என்றார். அன்று சாயந்திரமே மோட்டார் உடம்பில் வெள்ளை பெயிண்டால் 6 வோல்ட் என்று பெரிசாக எழுத வைத்தார். அடுத்து வருகிற மெக்கானிக் தின்னரும் துணியுமாக உட்கார வேண்டாம் என்று.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் வண்டியில் மாட்டினோம். மிதித்தால், மோட்டார் முக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு கம்ப்ரெஷன், கொஞ்சம் நின்று யோசித்து, அடுத்த கம்ப்ரெஷன். சுற்றி நின்றவர்கள் உடனே, “நாங்கதான் சொன்னோமே, 12 போடுங்க” என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் முகம் வாடிவிட்டது. ஜூன் 14-க்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் பாதி இந்த இடத்தில்தான் 12-க்கு மாறியிருக்கும் என்று நான் நம்புகிறேன். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் வோல்ட் பற்றவில்லை என்று தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் பேட்டரியில் இருக்கிற வோல்ட் மோட்டாருக்கு வந்து சேருகிறதா என்று யாரும் அளப்பதில்லை.

இக்னீஷனை ஆஃப் செய்துவிட்டு, அண்ணனின் மகனை மிதிக்கச் சொல்லி, நான் மீட்டரோடு கீழே படுத்தேன். மிதித்திருக்கும்போதே அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லாம் 6.3 என்றுதான் காட்டும். பேட்டரியின் இரண்டு ஈய முனைகளிலும் வைத்தேன், கிளாம்பில் இல்லை, முனையிலேயே. 5.2 வோல்ட். மோட்டார் டெர்மினலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் வைத்தேன். 3.4. நடுவில் 1.8 வோல்ட் காணாமல் போயிருந்தது. 12 வோல்ட் வண்டியில் இவ்வளவு போனாலும் எப்படியோ சமாளிக்கும். 6-இல் 1.8 போவது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சோற்றைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு வேலை செய் என்பது மாதிரி.

திருடனையும் அதே மீட்டரில் பிடிக்கலாம். ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும் வைத்து, மிதிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை கேபிளில் 0.7. சுவிட்சுக்குள் 0.3. மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த் முனை வரை 0.8. ஒரு துண்டுக்கு 0.2-க்கு மேல் போனால் அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். இங்கே மூன்றிலுமே வேலை இருந்தது.

கேபிள் யாரோ 12 வோல்ட் அளவுக்குப் போட்டது, 25 ஸ்கொயர் எம்.எம். அதைத் தூக்கிவிட்டு 70 ஸ்கொயர் வெல்டிங் கேபிள் போட்டேன். பாரிமுனையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். கேபிள் முனையில் மாட்டுகிற லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் செய்து வாங்கினேன். எர்த் சேஸிஸுக்குப் போய், சேஸிஸிலிருந்து ஒரு துருப்பிடித்த பட்டை வழியாக இன்ஜினுக்குப் போனது. காசிமேட்டில் இதுதான் பெரிய சாபம். உப்புக் காற்று போல்ட்டுக்கு அடியில் புகுந்து பச்சைப் பொடியாக உட்கார்ந்துகொள்ளும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாக இருக்கும், கீழே கரண்ட் போக வழியே இருக்காது. பேட்டரியிலிருந்து இன்னொரு 70 ஸ்கொயர் கேபிளை நேராகச் செல்ஃப் மோட்டார் மாட்டுகிற போல்ட்டுக்கே கொண்டுபோனேன். அந்த இடத்தில் பெயிண்டை வெள்ளை இரும்பு தெரிகிற வரை எமரியால் தேய்த்து, மாட்டின பிறகு மேலே கிரீஸ் பூசினேன். மாட்டுவதற்கு முன்னால் இல்லை, பின்னால். சுவிட்சைப் பிரித்தபோது உள்ளே செம்புத் தட்டு ஒரு ஓரமாகவே தொட்டுத் தொட்டுக் குழி விழுந்திருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன், பின்பக்கம் புதுசாக இருந்தது.

மறுபடி மிதித்தோம். பேட்டரியில் 4.8, மோட்டாரில் 4.3. பேட்டரி வோல்ட் முன்னைவிடக் குறைந்திருப்பதைப் பார்த்து அண்ணன் பயந்துவிட்டார். அது நல்ல அடையாளம் என்று சொன்னேன். வழி திறந்ததால் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கிறது, அதனால் பேட்டரி கொஞ்சம் இறங்குகிறது. முன்னால் 190 ஆம்பியர், இப்போது 260. பெருக்கிப் பார்த்தால் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 646 வாட்டிலிருந்து 1,118 வாட். இன்ஜின் தடதடவென்று, நிற்காமல் சுற்றியது. அந்தச் சத்தத்தை அண்ணன் கேட்டது அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில். அதற்கப்புறம் இப்போதுதான்.

6 வோல்ட் மோட்டாரை 12-இல் ஓட்டக் கூடாதா என்று அண்ணன் திரும்பக் கேட்டார். நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று விநாடி மிதித்து, இன்ஜின் எடுத்ததும் காலை எடுத்துவிட்டால் மோட்டார் உடனே கருகாது. ஆனால் மிதித்த முதல் நொடியில் மோட்டார் இன்னும் சுற்ற ஆரம்பித்திருக்காது. அப்போது கரண்டைத் தடுப்பது காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான். 12 கொடுத்தால் கரண்ட் இரண்டு மடங்குக்குப் பக்கம் பாயும். சீரிஸ் மோட்டாரில் முறுக்கு அதற்கும் மேலே ஏறும். அந்த அடி பினியனில், ரிங் கியர் பல்லில், மோட்டாரின் மூக்கு வார்ப்பில் விழும். லாரியாக இருந்தால் ரிங் கியர் போனால் வேறு வாங்கிப் போடலாம். இந்த வண்டிக்கு எங்கே போய் வாங்குவது? அதனால் நான் 6-இலேயே வைக்கச் சொன்னேன். ஹெட்லைட் மங்கலாக இருக்கும் என்று ஒரு குறை. யார்டுக்குள் படகு இழுக்கிற வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை.

பிளஸ் எர்த்தா, மைனஸ் எர்த்தா என்றும் ஒரு சண்டை நடந்தது. செல்ஃபைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திரும்புவதால் மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். அதனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பேட்டரியைத் திருப்பிப் போட்டு ஒன்றும் ஆகாது, உள்ளே காயில் கனெக்‌ஷன் மாறியிருக்கிறது என்று அர்த்தம். டைனமோவுக்கும் ஆம்மீட்டருக்கும்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

புதுப்பேட்டையில் ஒரு பழைய 6 வோல்ட் இக்னீஷன் காயில் கிடைத்தது. பாயிண்டைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோல் ஊற்றினோம். அப்பாவையும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நாலாவது மிதியில் ஒரு இருமல், ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரே புகை. அப்புறம் சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஒரு முணுமுணுப்புக்கு வந்தது. அப்பா பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணனின் அம்மா வீட்டிலிருந்து தேங்காய் எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஜூன் 10-ஆம் தேதி விஞ்சில் முதல் ஃபைபர் படகை மேலே இழுத்தார்கள்.

இப்போது பாக்கி இருப்பது டைனமோ. அம்பாசடர் டைனமோவைக் கழற்றி வைத்துவிட்டோம். விஞ்சு வேலை இருக்கிற நாளுக்கு முந்தைய ராத்திரி பேட்டரியை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போகிறார்கள். சரியான 6 வோல்ட் டைனமோவும், பேட்டரி கரண்ட் அதற்குத் திரும்பிப் பாயாமல் தடுக்கிற கட்-அவுட்டும் கிடைத்தால் மாட்டிவிடலாம், தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் தகட்டில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து மாட்டப் போவதில்லை.